அண்ணன் வேறு சைட்டில் இருக்கிறார்

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, வெறும் பலகை. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் என் தாள்கள் பறக்கும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் லிஃப்ட்காரன் இருந்தான். நாற்பதை ஒட்டிய வயது. பேச ஆரம்பித்தால் பாதி வார்த்தையை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வான். ஆனால் முதல்முதலாக அவன் என் கடைக்கு வந்தபோது தனியாக வரவில்லை. கூட ஒரு நெட்டையன் இருந்தான். இருவரும் ஒரு பெரிய லிஃப்ட் கம்பெனியில் இளவயதிலிருந்து ஜோடியாக வேலை பார்த்தவர்கள். இனி சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறோம், போர்டு அடிக்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஜெராக்ஸோடு அந்த வேலையும் நான் எடுத்துச் செய்வதுண்டு. என்ன பெயர் என்று கேட்டேன். "அண்ணன் தம்பி லிஃப்ட் சர்வீஸ்" என்றார்கள்.

"கூடப் பிறந்தவங்களா?" என்றேன்.

"இல்லக்கா, கூட வேலை செஞ்சவங்க" என்றான் நெட்டையன். "நான் இவனைவிட மூணு மாசம் பெரியவன். அதனால நான் அண்ணன்."

"மூணு மாசத்துக்கு என்னா அலட்டல் பாருங்கக்கா" என்றான் இவன். "என் பேருதான் முன்னாடி வரணும்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறான்."

"தம்பி அண்ணன்னு எங்கயாவது போர்டு பாத்திருக்கீங்களாக்கா?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்று அவன் வாய்விட்டுச் சிரித்தான். அதன் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடை திறக்கிற நாள் வந்தது. போர்டை நானே நின்று மாட்டச் செய்தேன். உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு கருவிப் பை, சுவரில் இரண்டு ஆணி, ஆணிக்கொன்றாய் இரண்டு மஞ்சள் ஹெல்மெட். எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. ஆள் மட்டும் ஒன்று. நெட்டையன் வரவில்லை, போன்தான் வந்தது. பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குப் பாதிப் பேச்சுதான் கேட்டது.

"சரி... சரிடா... சூப்பர்வைசரா? நல்லதுதானே... இல்லடா, கோபமெல்லாம் ஒண்ணுமில்ல... பசங்க படிப்பு இருக்குல்ல, புரியுது... சரி, வெச்சிடறேன்."

நெட்டையன் வேலையை விடப் போகிறான் என்று தெரிந்ததும் கம்பெனி அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அவனும் கம்பி நீட்டிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிஷின் மூடியைப் படாரென்று சாத்திவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"தம்பி, அந்தப் போர்டை இறக்குங்க. வேற அடிச்சுத் தர்றேன்."

"வேணாம்க்கா. அவன் வந்துருவான். கொஞ்சம் பயந்த சுபாவம், வேற ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் அவன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். ஆனால் அவன் நாளுக்கு மூன்று தடவை தரையைத் துடைத்ததில் ஈகூட அங்கே உட்கார யோசித்தது. கம்பெனியில் இருந்தவரை எந்தக் கட்டிடத்துக்குப் போக வேண்டும் என்று காலையில் யாராவது சொல்லிவிடுவார்கள். இப்போது சொல்ல ஆளில்லை. "காலைல எழுந்தா எங்க போறதுன்னே தெரியலக்கா. அதான் இங்க வந்து உக்காந்துடறேன்" என்றான். பழைய நேரத்துக்கே வீட்டைவிட்டுக் கிளம்புவான், மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிடுவான், பழைய நேரத்துக்கே வீட்டுக்குத் திரும்புவான். தொழில் எப்படி என்று வீட்டில் கேட்டால் "போகுது" என்பானாம். எங்கே போகிறது என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, உங்க போன்லேர்ந்து என் நம்பருக்கு ஒரு கால் போடறீங்களா? சும்மாதான். போன் வேலை செய்யுதான்னு பாக்கணும்."

போட்டேன். அவன் கையிலேயே அது அடித்தது. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "வணக்கம், அண்ணன் தம்பி லிஃப்ட் சர்வீஸ்" என்றான்.

நானும் போனைக் காதில் வைத்திருந்தேன். "நல்லா கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுக்கா."

வைத்துவிட்டோம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தன் கடைக்குப் போய் மறுபடியும் தரையைத் துடைத்தான்.

கடைசியில் நிஜமாகவே ஒரு கால் வந்தது, பதற்றத்தில் அவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான். அடுத்த தெருப் பல் மருத்துவமனையில் லிஃப்ட் கதவு சாத்திக்கொள்ள மறுக்கிறதாம். பேசிய பெண் எடுத்த எடுப்பில் கேட்டது, "பேசறது அண்ணனா, தம்பியா?" என்றுதான்.

"தம்பிங்க."

"அண்ணன் இல்லையா?"

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவன் குரல் கேட்டது. "அண்ணன் வேற சைட்ல இருக்காருங்க. நான் வர்றேன்."

அன்றிலிருந்து அண்ணன் வேறு சைட்டிலேயே இருந்தார். ஒரு வேலை தாமதமானால் அண்ணன் சாமான் வாங்கப் போயிருக்கிறார். வேலை நன்றாக முடிந்தால் அண்ணன் சொன்னபடி செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து கட்டிடங்கள் அவனுக்குப் பழக்கமாயின. அங்கெல்லாம் அண்ணனுக்குத்தான் மரியாதை. "தம்பி வேலை பரவாயில்ல, ஆனா அடுத்த தடவ அண்ணனையே அனுப்பிடுங்க" என்று ஒரு கட்டிடத்துக்காரர் அவனிடமே சொன்னாராம். சாகும்வரை இந்த மாதிரி நல்ல பெயர் எனக்கெல்லாம் வராது. அதற்குக் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் வீட்டுக் கட்டிடத்தில் அவன் வேலை செய்வதைப் பார்க்கும்வரை.

நான் குடியிருப்பது ஏழு மாடிக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடி. எங்கள் லிஃப்ட் ஒரு கிழம். ஏறும்போது முனகும், இறங்கும்போது இருமும். சிபாரிசு செய்து இவனைக் கூட்டிப்போனதே நான்தான். அன்று நான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"கீழ இறங்கறேன்!"

பதில் இல்லை. நான் படியில் நின்றேன். மறுபடியும் கேட்டது.

"கீழ இறங்கறேன்!"

யாரோ கூட இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நெட்டையன்தான் மனம் மாறி வந்துவிட்டானோ என்று ஆசைகூட வந்தது. மாடி மாடியாகப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆறாவது மாடிக் கதவு இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் அவன் நிற்கிறான். கையில் பொத்தான் வைத்த கட்டை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். அப்புறம் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஏறி வந்துவிட்டான்.

"யாரைத் தம்பி கூப்பிட்டீங்க?"

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு சொன்னான். லிஃப்ட் வேலையில் அது ஒரு பழக்கம். பெட்டிமேல் நிற்பவன் பொத்தானை அமுக்கினால் பெட்டி அவனோடு நகரும். அமுக்குமுன் என்ன செய்யப் போகிறான் என்று உரக்கச் சொல்ல வேண்டும். வெளியே நிற்கும் ஜோடி, கதவுப் பக்கம் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 'இறங்கு' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராமல் விரல் பொத்தானைத் தொடக் கூடாது. கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அதுதானாம்.

"இத்தன வருஷமா அவன் பதில் சொல்லுவான். இப்ப தனியா நின்னாலும் வாய் தானா சொல்லிடுதுக்கா. சொன்னப்புறம் பதில் வராம கை போக மாட்டேங்குது."

"அப்ப மேல ஏறிச் செய்யற வேலையெல்லாம்?"

"தள்ளிப் போடறேன். அண்ணன் வந்ததும் பாக்கலாம்னு சொல்லிடறேன்."

"ஒரு ஆள வெச்சுக்க வேண்டியதுதானே?"

"வெச்சா... அவன் வந்தா எங்க நிப்பான்?"

எனக்கு வந்ததே கோபம். "ம், ரோட்ல நிக்கட்டும்! வர்றவன் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா தொழில் நடக்குமா? கல்யாணம் கட்டின மாதிரி பேசறீங்களே!" என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து தெருவிலும் அப்படியே நடந்து போனான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபின் எனக்கு அழுகை வந்தது. திட்டியதற்காக இல்லை. பதில் வருமா என்று அவன் தலையைச் சாய்த்து நின்ற அந்த நிற்பு கண்ணைவிட்டுப் போகவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது எங்கள் லிஃப்டின் இரும்புக் கயிறுகள் நைந்துவிட்டன என்று தெரிந்தது. கயிறு மாற்ற வேண்டும், கூடவே வருடம் முழுக்கப் பராமரிக்கும் ஒப்பந்தமும் போட வேண்டும். அது கிடைத்தால் லிஃப்ட்காரன் காலூன்றிவிடுவான். கிடைக்காவிட்டால் கடையைக் காலிசெய்துவிட்டுப் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்பதாக முடிவுசெய்திருந்தான். "திரும்ப வந்தா சேத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்கக்கா" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் கட்டிடத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இப்போதும் யாரைப் பார்த்தாலும் விடைத்தாள் திருத்துகிற முகம். அவர் லிஃப்ட்காரனுக்குப் போன் செய்து, "உன்கூடப் பேசினா ஒண்ணும் விளங்கல. உன் அண்ணனக் குடு" என்றார். வேறு சைட் என்றான். "எந்த சைட்டா இருந்தாலும் சாயந்திரம் பேசச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயந்திரம் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. கணீரென்ற குரல். "வணக்கம் சார், நான் அண்ணன் பேசறேன். தம்பி எல்லாம் சொன்னான். நாலு கயித்தையும் ஒண்ணா மாத்திடணும் சார். ரெண்ட மாத்திட்டு ரெண்ட விட்டா இழுப்பு சமமா வராது. ரெண்டு பேர் நின்னு செய்யற வேலை இது. அவசரப்படக் கூடாது" என்று தங்குதடையில்லாமல் போயிற்று. நெட்டையன் வந்துவிட்டான் என்று ஓடினேன். உள்ளே லிஃப்ட்காரன் மட்டும், காலி நாற்காலிக்கு எதிரே நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் லேசாகச் சிரித்தான். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம்.

"அண்ணன்னா அண்ணன்தான்" என்று மறுநாள் படிக்கட்டில் செயலாளர் என்னிடம் சொன்னார். "என்ன தெளிவு! ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு அவரே வந்து கையெழுத்துப் போடட்டும். பேச்சுக்கு ஒரு பெரிய கம்பெனியையும் கூப்பிட்டிருக்கேன், ஆனா நமக்கு அண்ணன் தம்பிதான்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். லிஃப்ட்காரன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான். தனியாகத்தான் வந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தோல் பை. நெட்டையன்.

இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நெட்டையன் கம்பெனியின் பெருமையைத் தரையைப் பார்த்து ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான். செயலாளர் அதைச் சரியாகக் காதில்கூட வாங்கவில்லை.

"தம்பி, உங்க அண்ணன் எங்க?"

லிஃப்ட்காரன் எழுந்தான். நெட்டையன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. 'சார், அந்த அண்ணன் நான்தான், இவன்கூட யாருமே இல்லை' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஒப்பந்தம் அவன் பையில். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட்காரனோ வழக்கமான அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். சொல்லித் தொலையேன்டா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அண்ணன்னு யாரும் இல்ல சார்" என்றான். "போர்டுல மட்டும்தான். நான் தனி ஆளு. அன்னிக்குப் போன்ல பேசினதும் நான்தான். ஆனா கயித்தப் பத்திச் சொன்னது அத்தனையும் நெசம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதைவிட, இல்லாத ஆளைப் புகழ்ந்துவிட்டோம் என்பதுதான் அவரைச் சுட்டிருக்கும். "பொய் சொல்றவங்ககிட்ட உசுர ஒப்படைக்க முடியாது" என்றார். ஒப்பந்தம் நெட்டையனின் கம்பெனிக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் மூக்கை நுழைப்பதற்காகவே நான் அவர்கள் பின்னால் போனேன். முதல் மாடிப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது.

"நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்டா" என்றான் நெட்டையன். "நீ பாட்டுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியும். நீ தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. தெரிஞ்சே ஒப்பந்தத்த எனக்கு விட்டுக் குடுத்தன்னு நாளைக்கு உன் கம்பெனிக்குத் தெரிஞ்சா உனக்கு வேலை போயிடும். உன்னைய வெச்சுத்தான் நான் இத்தன நாளும் தொழில் பண்ணியிருக்கேன். அது போதும்."

"போன்ல என் குரல்லயே பேசினியா?"

"ம்."

"எங்க, பேசு."

லிஃப்ட்காரன் தொண்டையைச் செருமினான். "வணக்கம் சார், நான் அண்ணன் பேசறேன்" என்றான். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எம்மேல இருக்கற பாசத்துல சொல்ற. நான் எப்படா இப்படிப் பேசியிருக்கேன்? மேனேஜர் முன்னாடி எனக்கு நாக்கே பொரளாது. அது என் குரல் இல்லடா, உன்னோடது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அந்தப் போர்ட மாத்திடு. நான் வரமாட்டேன். அன்னிக்கே இத நேர்ல வந்து சொல்லியிருக்கணும்."

அவன் இறங்கிப் போன பிறகும் லிஃப்ட்காரன் அங்கேயே இருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் கடையைக் காலிசெய்வான் என்று காத்திருந்தேன். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், ஒரு நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு இன்னொன்றை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தான். "அக்கா, வேற போர்டு அடிக்கணும்" என்றான். என்ன பெயர் என்று கேட்டேன். "வெறும் லிஃப்ட் சர்வீஸ் போதும்."

அந்த வாரமே பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பெட்டிமேல் ஏறிப் பார்க்க வேண்டிய வேலை, அண்ணனுக்காகத் தள்ளிப் போட்டது. அண்ணன் வந்துவிட்டாரா என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். "அண்ணன் இல்லைங்க, நான் மட்டும்தான். மத்தியானம் வர்றேன்" என்றான். உதட்டுக்குள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு என் கடை வாசலில் வந்து நின்றான். கையில் இரண்டு ஹெல்மெட்.

"அக்கா, ஆள் தேடச் சொல்லியிருக்கேன். கெடைக்கறவரைக்கும்... ஒரு அரைமணி நேரம் கடையப் பூட்ட முடியுமா? நீங்க எதையும் தொட வேணாம். கதவுப் பக்கம் யாரும் வராமப் பாத்துக்கணும். நான் 'இறங்கறேன்'னா நீங்க 'இறங்கு'ன்னு திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் வாயாடி. சொன்னதுக்கு மேலயும் சொல்லிடுவனே."

"வேணாம்க்கா, அத மட்டும் சொல்லுங்க" என்று சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு.

ஹெல்மெட் எனக்குப் பெரிதாக இருந்தது, நெட்டையன் தலைக்கு வாங்கியது. அவனே வாரை இழுத்து இறுக்கிவிட்டான். பல் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்றேன். பல் பிடுங்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தார்கள். உள்ளே அவன் ஏறும் சத்தம் கேட்டது.

"கீழ இறங்கறேன்!"

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். கதவருகே யாரும் இல்லை. "கீழ இறங்கு!" என்றேன்.

பெட்டி நகரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "தம்பி? தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லக்கா." உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரியாத்தான் சொன்னீங்க. இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

இந்தத் தடவை அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பெட்டி மெல்ல இறங்கத் தொடங்கியது.